கலங்கிய சாறும் தெளிந்த சாறும்



தெளியவைத்தல் என்பது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிய கலையன்று. மழை கொட்டிய மறுநாள் ஆற்றுநீர் செம்மண் நிறத்தில் ஓடிவரும். நம் பாட்டிமார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு அந்த நீரை ஊற்றிவைப்பார்கள். படிகாரக் கட்டியை நீரில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுப்போரும் உண்டு. சிறிது நேரத்தில் சேறு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். செம்பனை ஆலையில் வேலை செய்வோர் இதையே பெரிய அளவில் பார்த்திருப்பார்கள். பிழிந்த எண்ணெயைச் சூடான தொட்டியில் நிறுத்திவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கிறது. கசடு கீழே இறங்குகிறது.

இன்று நாம் பேசப்போவதும் தெளியவைத்தலைப் பற்றித்தான். பொருள் மட்டும் வேறு. அது திராட்சைச் சாறு. மணமும் நுரையும் உள்ள ஒருவகைத் திராட்சை மதுவைச் செய்யத் தொடங்குமுன், அந்தச் சாற்றை எவ்வாறு தெளியவைக்கிறார்கள், ஏன் தெளியவைக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வோம்.

"மதுவைப் பற்றியா பேச்சு?" என்று தாய்மார்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தக் கோபம் நியாயமானதே. கள்ளும் சம்சுவும் நம் லயங்களில் எத்தனை அடுப்புகளை அணைத்தன என்பதை எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்கச் சொல்லி நாம் பேசவில்லை. இதைப் பேசுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜொகூரைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடுதிகளிலும் உணவகங்களிலும் கிடங்குகளிலும் இப்படிப்பட்ட புட்டிகளைக் கையாளுகிறார்கள். கையில் எடுப்பது இன்னதென்று அறிந்து வேலை செய்பவனுக்கும் அறியாமல் செய்பவனுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. எந்தத் தெளிவை நம்பலாம், எந்தத் தெளிவை நம்பக்கூடாது என்பதை இந்தச் சாறு நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. அது உயிர் காக்கும் பாடம். பேச்சின் இறுதியில் அதற்கு வருவோம்.

முதலில் பழத்தைப் பார்ப்போம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் தேக்கா சந்தையிலும் அதையடுத்த பஃபலோ சாலைக் கடைகளிலும் பழங்கள் குவிந்திருக்கும். ஆனால் சிங்கப்பூரில் திராட்சைத் தோட்டம் கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே உள்ள ஊர் அது. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும்தான். திராட்சைக் கொடிக்கோ குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுப்பது இயல்பு. ஆகவே அங்கே விற்கும் திராட்சையெல்லாம் கப்பலிலோ விமானத்திலோ வந்திறங்கியதுதான்.

வெப்ப நாட்டில் திராட்சையே விளையாதா என்றால், விளையும். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கே அதற்குச் சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், முல்லைப் பெரியாற்று நீர் பாயும் அந்தப் பூமியில் பன்னீர் திராட்சை விளைகிறது. கொடியைக் கவாத்து செய்து, அதற்கு ஓய்வும் துளிர்ப்பும் மனிதக் கையாலேயே கொடுக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதாவது, அந்தப் பெயருக்கு அந்த மண்ணே உரிமை உடையது என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் என்பது ஒரு பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்த கொடிகளில் ஒன்று, இத்தாலியில் பியட்மாண்ட் மாநிலத்தின் ஆஸ்தி வட்டாரத்தில் விளையும் வெள்ளை மொஸ்காட்டோ. பரம்பரை வழியைக் கணக்கிட்டால் நம் கம்பத்துப் பன்னீர் திராட்சை அந்த வெள்ளைத் திராட்சைக்குப் பேரப்பிள்ளை முறை. நுரைக்கும் மணமது என்றவுடன் உலகம் நினைப்பது இந்த ஆஸ்தி மதுவைத்தான்.

பன்னீர் என்று நம்மவர் பெயர் வைத்தது வெறும் அழகுக்காக அன்று. ரோசாப்பூவின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஜெரானியால். அதே பொருள் மஸ்கட் திராட்சையிலும் இருக்கிறது. லினலூல் என்ற இன்னொரு பொருளும் உண்டு. சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் கொத்தமல்லி விதையைக் கையில் கசக்கி முகர்ந்தால் வருவது முக்கியமாக அந்த லினலூலின் மணம்தான். நல்ல தேயிலையின் மணத்திலும் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. ஆகவே ரோசா, மல்லி, தேயிலை, மஸ்கட் ஆகிய நான்கும் மணத்தில் உறவினர்கள் என்று சொல்லலாம்.

இந்த மணப்பொருள்களில் பெரும்பங்கு பழத்தின் தொலியிலும் அதை ஒட்டிய சதையிலும் தங்கியிருக்கிறது. எனவே பழத்தை நசுக்கியபின் சில மணி நேரம் குளிரில் தொலியோடு ஊறவிட்டுப் பிழிவதும் உண்டு. அப்படிச் செய்தால் மணம் சாற்றில் இறங்கும். ஆனால் மணத்தோடு கூடவே கலங்கலும் இறங்கும். இங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது.

பிழிந்த சாற்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். அது கூழ்போலக் கலங்கியிருக்கும். அதில் தொலியின் துணுக்கும் சதையின் நாரும் இருக்கும். கொடியில் படிந்த தூசும், தெளித்த மருந்தின் மிச்சமும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் இருக்கும். இவற்றோடு பெக்டின் என்ற பசையும், பழத்துக்கே உரிய புரதமும் கரைந்திருக்கும். கொய்யாவைக் காய்ச்சி ஜாம் கிளறும்போது அது இறுகிக் கட்டிக்கொள்கிறதே, அதற்குக் காரணம் பெக்டின்தான். சாற்றை வழவழப்பாக்கித் துகள்களைக் கீழே விழவிடாமல் தாங்கிப்பிடிப்பதும் இந்தப் பெக்டினே.

இந்தக் கலங்கலை நீக்காமல் நொதிக்கவிட்டால் என்ன? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். அத்துடன், மண்டி மிகுந்த சாற்றில் அழுகிய முட்டை நாற்றம் தரும் கந்தக வாயு பிறக்கக்கூடும். பச்சிலை நெடியும் கசப்பும் ஏறும். தொண்டையைச் சுடும் கனமான சாராய வகைகளும் கூடும். ரோசா மணத்தை இவை அமுக்கிவிடும். மணமே விலையாகிற மதுவில் மணம் போய்விட்டால் மீதி என்ன?

அப்படியானால் மது ஆனபிறகு தெளியவைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது. மதுவையும் பின்னால் தெளியவைப்பதுண்டு. ஆனால் நொதிக்கும்போது கலங்கலிலிருந்து பிறந்த நாற்றமும் கசப்பும் அதற்குள் கரைந்துபோய்விட்டன. துகளை வடிக்கலாம், கரைந்த குற்றத்தை வடிக்க இயலாது. இன்னொரு காரணமும் உண்டு. இட்டிலி மாவு பொங்குவதைக் கவனியுங்கள். உள்ளே பிறக்கும் வாயு மாவையே மேலே தூக்குகிறது. சாறும் அப்படித்தான். நொதிக்கத் தொடங்கிவிட்டால் வாயுக்குமிழிகள் அடியிலிருந்து கிளம்பி, இறங்கிய மண்டியை மறுபடியும் மேலே கிளப்பிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அது படியாது. ஆகவே, தெளிவு நொதித்தலுக்கு முன்னால் வரவேண்டும். வேலையின் வரிசையே இங்கு பாதி வேலை.

நொதிக்கவிடாமல் சாற்றை எப்படி நிறுத்திவைப்பது? ரப்பர்ப் பாலை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பால் ஸ்டோருக்கு வந்துசேருமுன்னே உறைந்துவிடாமல் இருக்க அமோனியா விடுவதில்லையா? அதுபோலச் சாற்றுக்கும் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று குளிர். சாற்றை ஏறக்குறைய 10 பாகை செல்சியஸுக்கோ அதற்கும் கீழோ குளிரவைத்தால் ஈஸ்ட் சோம்பிக்கிடக்கும். மற்றது கந்தக டை ஆக்ஸைடு. ஒரு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவே அதைச் சேர்க்கிறார்கள். காட்டு ஈஸ்ட் அடங்கும். வெட்டிவைத்த வாழைக்காய்போலச் சாறு கறுத்துப்போவதும் தடைப்படும்.

இப்படிக் காவல் போட்டபின் சாற்றை உயரமான தொட்டியில் அசையாமல் விடுகிறார்கள். பெக்டினை உடைக்கும் நொதியைச் சிறிதளவு கலப்பதும் வழக்கம். பெக்டின் உடைந்ததும் சாறு நீர்த்துப்போகிறது. துகள்கள் பிடிமானம் இழந்து இறங்குகின்றன. 12 மணி முதல் 24 மணி நேரத்தில் அடியில் கனமான மண்டி தங்கும். மேலே நிற்கும் தெளிந்த சாற்றை மண்டி அசையாமல் குழாய்வழியே வேறு தொட்டிக்கு இறக்கிக்கொள்வார்கள்.

எளிதில் இறங்காத நுண்துகள்களும் உண்டு. அவற்றை இறக்குவதற்குக் கையாளும் வழியை ரப்பர்ப் பாலை உறையவைத்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ரப்பர்ப் பாலிலுள்ள துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம், அதாவது எதிர்மின் ஏற்றம், கொண்டவை. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் விட்டதும் அந்தத் தள்ளுமுள்ளு அடங்குகிறது. துகள்கள் கைகோத்துக் கட்டியாகின்றன. கலங்கிய நீரில் படிகாரம் செய்வதும் இதே வேலைதான். முருங்கை விதையை இடித்துப் போட்டாலும் நீர் தெளிகிறது. அதிலுள்ள புரதம் நேர்மின் ஏற்றம் கொண்டது, சேற்றின் எதிர்மின் துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

சாற்றிலும் அப்படியே. கசப்புத் தரும் துவர்ப்புப் பொருள்களைப் பிடிக்க ஜெலட்டின் என்ற புரதத்தைச் சிறிதளவு இடுகிறார்கள். புரதத்தையே பிடிக்கவேண்டுமானால் பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்து விடுகிறார்கள். சாற்றின் புளிப்பில் திராட்சைப் புரதம் நேர்மின் ஏற்றத்தோடு நிற்கும், களிமண்ணோ எதிர்மின். ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இரண்டும் அடியில் விழுந்துவிடும். அந்தப் புரதத்தை விட்டுவைத்தால், பின்னாளில் புட்டி வெயிலில் சூடேறும்போது தெளிந்த மது பால்போலத் திரிந்து காட்டும். சிங்கப்பூர் போன்ற வெப்ப ஊரின் கிடங்குக்கு வரும் புட்டிக்கு இது முக்கியம். ஆனாலும் களிமண்ணை அளவுக்கு மிஞ்சி இடக்கூடாது. நுரை கலையாமல் நிற்பதற்குப் புரதமும் கொஞ்சம் வேண்டும். மணத்தையும் களிமண் ஓரளவு கொண்டுபோய்விடும்.

இன்னொரு வழி வேடிக்கையானது. பெரிய ஆலைகளில் சாற்றின் அடியிலிருந்து நைட்ரஜன் வாயுவை நுண்குமிழிகளாகச் செலுத்துகிறார்கள். குமிழிகள் துகள்களைச் சுமந்துகொண்டு மேலே வருகின்றன. கலங்கல் எல்லாம் நுரைத்தொப்பியாக மேலே கட்டிக்கொள்ள, தெளிந்த சாறு அடியில் தங்குகிறது. செம்பனை எண்ணெய்த் தொட்டியில் கசடு கீழே போகிறது. இங்கே கசடு மேலே வருகிறது. இயற்கையின் விதி ஒன்றே. அதைத் திருப்பிப் பயன்படுத்துவதுதான் மனித அறிவு.

இனி, எந்த அளவுக்குத் தெளியவேண்டும் என்பது அடுத்த கேள்வி. கலங்கலை அளக்க ஒரு கருவி உண்டு. சாற்றின் ஊடே ஒளியைச் செலுத்தி, துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியை அது அளந்து அலகில் காட்டும். குடிநீரை 1 அலகுக்கும் கீழே கொண்டுவருவது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் வெள்ளைத் திராட்சை மதுவுக்கான சாற்றில் 100 முதல் 200 அலகு வரை கலங்கலைப் பல ஆலைகளில் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். ஏன்? அந்த நுண்மண்டியில் ஈஸ்டுக்கு உணவு இருக்கிறது. முழுவதும் வடித்துவிட்டால் ஈஸ்ட் பட்டினி கிடந்து, வேலையைப் பாதியில் நிறுத்திவிடும்.

இந்த இடத்தில் சிங்கப்பூரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தண்ணீரைத் தெளியவைப்பதில் அந்த நகரம் உலகுக்கே பெயர்போனது. பயன்படுத்திய கழிவுநீரை நுண்சவ்வுகளில் வடித்து, அதைவிட நுண்ணிய சவ்வுகளில் அழுத்தித் தள்ளி, இறுதியில் புறஊதாக் கதிர் காட்டித் தூய நீராக்குகிறார்கள். நியூவாட்டர் என்ற அந்த நீரைத் தரும் நிலையங்கள் 2003-ல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் திறக்கப்பட்டன. 2022-ல் அந்த நீரைக்கொண்டு செய்த நியூபுரூ என்ற பீர்கூட அங்கே விற்பனைக்கு வந்தது. தண்ணீரில் நாம் தேடுவது தண்ணீரை மட்டுமே. மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடலாம். திராட்சைச் சாற்றை அந்த நுண்சவ்வில் தள்ளினால் மறுபக்கம் வருவது வெறும் நீர்தான். இனிப்பும் புளிப்பும் இந்தப் பக்கமே நின்றுவிடும். ஆக, தெளியவைத்தல் என்றால் எல்லாவற்றையும் துடைத்தெறிவது அன்று. எதை நீக்குவது, எதை நிறுத்திக்கொள்வது என்று அறிந்து செய்வதே தெளியவைத்தல்.

ஆஸ்தி மதுக்காரர்கள் இந்த அளவை இன்னொரு நோக்கத்துக்காக மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கதை சுவையானது. கார்லோ கான்சியா என்பவர் பிரான்சு நாட்டில் ஷாம்பேன் செய்யும் முறையைக் கற்று வந்து, 1865-ல் ஆஸ்தி வட்டாரத்துக் கனெல்லி ஊரில் மொஸ்காட்டோத் திராட்சையில் நுரைமது செய்தார். அந்த மது இனிப்பாக இருக்கவேண்டும். இனிப்பு என்றால் சாற்றில் சர்க்கரை மீதமிருக்க வேண்டும். சர்க்கரையும் ஈஸ்டும் ஒரே புட்டிக்குள் அடைபட்டால் வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். இதற்கு அந்த ஊர்க்காரர்கள் கண்ட மருந்து, திரும்பத்திரும்ப வடிப்பது. சாற்றைத் துணிப்பைகளில் வடிப்பார்கள். கொஞ்சம் நொதிக்கும், மறுபடி வடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஈஸ்ட், தான் தின்ற ஊட்டத்தோடு வெளியேறும். பல முறை வடித்தபின் சாற்றில் சர்க்கரை இருக்கும். ஆனால் ஈஸ்ட் பெருகுவதற்கு வேண்டிய ஊட்டம் இருக்காது. நொதித்தல் தானே ஓய்ந்துவிடும்.

பின்னர் ஃபெடெரிகோ மார்டினோட்டி என்ற அறிஞர் 1895-ல், புட்டிக்குப் பதிலாக அழுத்தம் தாங்கும் பெரிய மூடிய தொட்டியில் நுரை பிறக்கவைக்கும் முறையை வகுத்தார். 1907-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்மா அதைச் செம்மைப்படுத்தினார். இன்று ஆஸ்தியில் தெளிந்த சாற்றை உறைநிலையை ஒட்டிய குளிரில் மாதக்கணக்கில் காத்துவைக்கிறார்கள். தேவைப்படும்போது கொஞ்சங்கொஞ்சமாக எடுத்து மூடிய தொட்டியில் நொதிக்கவிடுகிறார்கள். சாராயம் ஏறக்குறைய 7 விழுக்காடு வந்ததும் சட்டென்று குளிரவைத்து, ஈஸ்டை வடித்துவிடுகிறார்கள். அதனால்தான் மணம் புதிதாக நிற்கிறது. தெளியவைத்தல் இல்லாவிட்டால் சாற்றை இப்படிக் காத்துவைக்கவும் முடியாது; நொதித்தலை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

புட்டி வெடிக்கும் என்றோமே, அது விளையாட்டன்று. ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் மூடிய புட்டிக்குள் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மோட்டார் வண்டியின் சக்கரத்தில் அடைக்கும் காற்று ஏறக்குறைய 2. ஷாம்பேன் புட்டியில் 6. அதற்காகவே அந்தப் புட்டியின் கண்ணாடி தடிப்பாக இருக்கிறது. இனிப்பான சாறு ஒரு லிட்டரில் 150 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். முழுவதும் நொதித்தால் கணக்குப்படி 37 வருகிறது. எந்தச் சோடாப் புட்டியும் அதைத் தாங்காது. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர், வீட்டுத் தேவைக்கு மட்டும் மாதம் 30 லிட்டர் வரை பழமதுவோ பீரோ செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகிறது. விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. மற்ற நாடுகளில் சட்டம் வேறு. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் உள்ளோர் தத்தம் ஊர் விதியை முதலில் அறியவேண்டும். எங்கே இருந்தாலும், இனிப்பான சாற்றை நொதிக்கவிட்டு இறுக மூடிவைக்காதீர்கள். கண்ணாடித் துண்டு கண்ணைத் தேடிப் பாயும்.

சாராயமே இல்லாமல் இந்த அறிவைக் குடும்பத்துக்குப் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள். அழுகிய பழங்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்ல திராட்சையைக் கழுவிக் காம்பு நீக்குங்கள். கையால் மசித்துச் சுத்தமான வெள்ளைத் துணியில் வடியுங்கள். கடைசிச் சொட்டுக்காகத் துணியை முறுக்கிப் பிழியவேண்டாம்; அந்தக் கடைசிச் சொட்டில்தான் மண்டி அதிகம். சாற்றை உயரமான கண்ணாடிச் சாடியில் ஊற்றி, உடனே குளிர்ப்பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் சாடியை ஆட்டாமல் எடுத்து, மேல்சாற்றை மட்டும் மெல்லச் சாய்த்து இறுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு விரற்கடை போகட்டும், அதற்காக வருந்தவேண்டாம். இறுத்த சாற்றைக் கொதிக்கவிடாமல், ஆவி பறக்கும்வரை சில நிமிடம் சூடாக்கி ஆறவிட்டு, குளிரில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்துங்கள். சோடா கலந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மணமும் உண்டு, நுரையும் உண்டு, போதை இல்லை. சாடியின் அடியில் மணல்போலப் பளபளக்கும் துகள் தெரிந்தால் கண்ணாடி என்று அஞ்சவேண்டாம். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளியின் புளிப்புக்குக் காரணமும் அதே அமிலம்தான்.

இனி, முதலில் சொன்ன உயிர் காக்கும் பாடத்துக்கு வருவோம். சாற்றிலுள்ள பெக்டின் உடையும்போது மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் மிகச் சிறிய அளவில் பிறக்கிறது. பழமதுவில் இருக்கும் அந்தச் சிறிதளவு உயிருக்கு ஊறு செய்வதில்லை. உயிரைக் குடிப்பது வேறு வழியில் வரும் மெத்தனால். வண்ணம் கரைக்கவும் ஆலைத் தேவைகளுக்கும் வைத்திருக்கும் மெத்தனாலைப் பணத்தாசை பிடித்தவர்கள் சாராயத்தில் கலக்கிறார்கள். 2018 செப்டம்பரில் மலேசியாவில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இத்தகைய மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைப்புக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றாடங்காய்ச்சிகளான ஏழைகளே பெரும்பாலோர்.

மெத்தனால் பார்வைக்கு எப்படி இருக்கும்? பச்சைத் தண்ணீரைப்போலத் தெளிவாக இருக்கும். கலங்கல் இல்லை, மண்டி இல்லை. மணத்தாலும் சுவையாலும் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. ஆம், ரப்பர்ப் பாலை உறையவைக்க நாம் விடும் அதே அமிலம். அது முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்து அரைநாளோ ஒரு நாளோ கழிந்தபிறகே வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பனிமூட்டம் போன்ற பார்வை ஆகியவை தோன்றலாம். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று படுக்கவைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அது தவறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். இதற்கு மாற்று மருந்து உண்டு. நேரம் தவறினால் கண் போகும், உயிரும் போகும்.

தேற்றாங்கொட்டையிட்ட நீருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சேறு இறங்கிவிட்டது என்பதனாலேயே கிருமி இறங்கிவிடவில்லை. தெளிந்த நீரையும் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும்.

நேயர்களே, திராட்சைச் சாற்றைக் கையாளுகிறவன் மூன்று கேள்வி கேட்கிறான். இதில் கலங்கல் எது? அதை எப்போது நீக்கவேண்டும்? எவ்வளவு நீக்கவேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தபிறகே அவன் தொட்டியில் ஈஸ்டை இடுகிறான். அந்தச் சாற்றின் தெளிவுக்குப் பின்னால் காத்திருப்பும் அளவும் கணக்கும் இருக்கின்றன. அது எப்படி வந்தது என்று கேட்டால் ஆலைக்காரன் சொல்வான். மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாப் புட்டியின் தெளிவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் விற்பவன் வாய் திறக்கமாட்டான். அங்கே கையை நீட்டாதீர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.